கார்பன் ஃபின் வாங்கட்டுமா?

(மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் ஆழம் இறங்கும் ஃப்ரீடைவிங் பற்றியும், அதற்குக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின் பற்றியும் வாசகர் கேள்விகளுக்குப் பயிற்சியாளரின் பதில்கள்)

கேள்வி: போன மாதம் புதுச்சேரியில் ஃப்ரீடைவிங் முதல் நிலைப் பயிற்சி முடித்தேன். மையத்தில் கொடுத்த ஃபின்னைப் போட்டுக்கொண்டு 14 மீட்டர் வரை போனேன். இப்போது சொந்தமாக ஒரு ஜோடி நீள ஃபின் வாங்க ஆசை. என் எடை 52 கிலோ, செருப்பு அளவு 5. துபாயிலிருந்து வரும் அத்தான், கார்பன் ஃபின்னே வாங்கி வருகிறேன் என்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆனாலும், வாங்குவதே வாங்குகிறோம், நல்லதாகவே வாங்கிவிடலாமே என்றும் தோன்றுகிறது. எங்கள் ஊரில் கடல் இல்லை. அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் பழகிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.
– வாசகி, திருச்சி

பதில்: கார்பன் இழையில் செய்த ஃபின் இப்போது வேண்டாம். மென்மையான பிளாஸ்டிக் பிளேடு (தண்ணீரைத் தள்ளும் நீண்ட தட்டையான பகுதி) போதும். அத்தான் மனம் கோணாமல் மறுக்கக் காரணம் வேண்டுமென்றால், கீழே நிறைய இருக்கிறது.

ஃபின் என்றதும் எல்லோருக்கும் கண் போவது பிளேடின் மேல்தான். பளபளவென்று இருப்பது அதுதானே! நான் முதலில் பார்க்கச் சொல்வது பாதம் நுழையும் ரப்பர் பகுதியை, அதாவது ஃபுட் பாக்கெட்டை. உலகத்திலேயே நல்ல பிளேடானாலும், பாதத்தை ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் உதைக்கும் உதை பிளேடுக்குப் போய்ச் சேராது. லூஸாக இருந்தால் குதிகால் உரசிக் கொப்புளம் வரும், பத்து மீட்டர் ஆழத்தில் ஃபின் கழன்றாலும் கழன்றுவிடும். இறுக்கமாக இருந்தால் பாதத்தின் அடியில் சுளுக்குப் பிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே இருக்கும்போது பிடிக்கிற சுளுக்கைப் போல மனத்தைக் கலைப்பது வேறெதுவும் இல்லை.

எப்படிப் போட்டுப் பார்ப்பது? மாலையில் பாருங்கள், நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள நியோபிரீன் (ரப்பர் நுரை) சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் காலில் அளவு பார்த்துவிட்டு அப்புறம் சாக்ஸ் வாங்குவது ஆகாத வேலை. ரப்பருக்குள் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் கால் சுலபமாக நுழையும். மாட்டியதும் எழுந்து நடக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி, கணுக்காலை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். குதிகால் ரப்பரை விட்டு எழும்பக் கூடாது. பிளேடு பக்கவாட்டில் ஆடக் கூடாது. அப்படியே ஒரு சீரியல் முடியும்வரை உட்காருங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனாலோ, பாதத்தின் மேல்பக்கம் வலித்தாலோ அந்த மாடல் உங்களுக்கு இல்லை. ஒரே அளவு எண் போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் பாக்கெட் ஒடுக்கமாக இருக்கும், இன்னொன்று அகலமாக இருக்கும். செருப்பு அளவை மட்டும் நம்பி ஆர்டர் போடுபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்து, பிளேடின் விறைப்பு. மென்மை, நடுத்தரம், கடினம் என்று விற்பார்கள். 52 கிலோ எடைக்கு மென்மைதான். கடினமான பிளேடு வேகம் தரும் என்று கடைக்காரர் சொல்வார். அது பழகிய காலுக்கு. புதிதாகக் கற்பவர் காலில் அதை மாட்டினால் என்ன நடக்கும் தெரியுமா? தண்ணீரைத் தள்ள முடியாமல் முழங்கால் மடங்கும். இடுப்பிலிருந்து வர வேண்டிய உதை, சைக்கிள் மிதிப்பதாக மாறிவிடும். தொடை எரியும். தொடைத் தசை பெரிய தசை. அது திணறினால் சேர்த்துவைத்த ஆக்சிஜன் மளமளவென்று கரையும்.

நீங்கள் போகும் ஆழத்தையும் யோசித்துப் பாருங்கள். முதல் சில மீட்டர்தான் போராட்டம். நுரையீரல் நிறையக் காற்று, உடம்பில் வெட்சூட் என்ற ரப்பர் நுரை உடை, இரண்டும் உங்களை மேலே தள்ளும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலில் உள்ள காற்றின் கனஅளவு பாதியாகிவிடும். அதற்கப்புறம் மிதப்பு குறைந்துகொண்டே போகும். இடுப்பில் கட்டிய எடை சரியாக இருந்தால், கொஞ்ச நேரத்தில் உதைக்காமலே உடம்பு அமிழும். ஆக, 14 மீட்டருக்கோ 20 மீட்டருக்கோ நீங்கள் உண்மையில் உதைப்பது கொஞ்சம்தான். கார்பனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் இருக்கும் வித்தியாசம் அந்தக் கொஞ்சத்தில் அவ்வளவாகத் தெரியாது. மோசமான உதைக்கும் நல்ல உதைக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கார்பனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எடை குறைவு, வளைந்த பிளேடு சட்டென்று நிமிர்ந்து உங்கள் உதையைத் திருப்பித் தரும். நீண்ட டைவுகளில் அந்த மிச்சம் பெரிய விஷயம். ஆனால் பாறையில் பட்டால் விளிம்பு பிளக்கும், படகில் யாராவது காற்றுச் சிலிண்டரை அதன்மேல் வைத்தால் கதை முடிந்தது. பிளாஸ்டிக் இதையெல்லாம் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் ஃபைபர்கிளாஸ் இருக்கிறது, அது உங்கள் இரண்டாவது ஜோடிக்கு ஆகட்டும்.

இன்னொரு விஷயம்: பிளேடைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். காலுக்குப் பொருந்திய பாக்கெட்டை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற நல்ல பிளேடைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். நீள ஃபின் ஒன்று கிட்டத்தட்ட 90 செ.மீ. இருக்கும், சாதாரணப் பெட்டியில் நேராக நுழையாது. கழற்ற முடிந்தால் அத்தானுக்கும் நிம்மதி. அவரையே வாங்கிவரச் சொல்வதானால் ஒரு நிபந்தனை: அதே மாடலை, அதே அளவில், முன்பே இங்கே உங்கள் காலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் பயிற்சி மையத்தில் இருக்கும் ஜோடிகளைக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். தர மாட்டேன் என்று சொல்லும் பயிற்சியாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீச்சல் குளம் பற்றி. தனியாக மூச்சடக்கி எதுவும் செய்யக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரிலும்தான். மயக்கம் சொல்லிக்கொண்டு வராது. குளத்துக் காவலர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். மூச்சடக்கிக் கிடப்பவரும் மயங்கிக் கிடப்பவரும் மேலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே தண்ணீரில் இருக்க வேண்டும். அப்படி யாரும் கிடைக்காத நாளில் மல்லாந்து படுத்து, முகம் வெளியே இருக்க, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே உதைத்துப் பழகுங்கள். முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் சைக்கிள் மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் சில வாரங்களுக்கு இந்த ஒரு பயிற்சியே போதும். ஆழம் குறைந்த பக்கத்தில் பிளேடின் நுனி டைல்ஸில் தேயும், அதைக் கவனியுங்கள். குளத்தில் நீள ஃபின்னுக்கு அனுமதி உண்டா என்று சங்கச் செயலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் முத்துக்குளித்தவர்கள் எந்தக் கம்பெனி ஃபின் போட்டார்கள்? இதெல்லாம் காசு பிடுங்கும் வேலைதானே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நக்கல் புரிகிறது! அவர்கள் ஃபின் போடவில்லை, கல்லைப் பயன்படுத்தினார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்கினார்கள். சிப்பி பொறுக்கி முடிந்ததும் கயிற்றை இழுத்துச் சைகை கொடுக்க, படகில் நின்றவர்கள் மேலே தூக்கினார்கள். இறங்கக் கல், ஏறக் கயிறு. உதைத்துப் போய்வரும் வேலையே அதிகம் இல்லை. இன்று நாம் படகில் ஆள் நிறுத்தி இழுக்கச் சொல்வதில்லை, சொந்தக் காலால் போய்ச் சொந்தக் காலால் திரும்புகிறோம். அதற்குத்தான் ஃபின். அதுவும் அப்படியொன்றும் பழைய சரக்கு இல்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ நீச்சல் ஃபின்னுக்குக் காப்புரிமை பெற்றது 1933இல்தான்.

ஃபின்னே இல்லாமல், கைகாலால் மட்டும் நீந்தி இறங்கி ஏறும் போட்டிப் பிரிவும் ஃப்ரீடைவிங்கில் உண்டு. இருப்பதிலேயே கடினமானது அதுதான் என்பது என் கட்சி. செலவில்லாமல் கற்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் வாருங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருகிறேன்.

கேள்வி: ஃபின்னைக் கார் டிக்கியிலேயே வைத்துவிடலாமா? வாரா வாரம் கடலுக்குப் போகிறேன்.
– வாசகர், சென்னை

பதில்: நம் ஊர் வெயிலில் வேண்டவே வேண்டாம். பூட்டிய காரின் சூட்டில் பிளாஸ்டிக் பிளேடு எந்த நிலையில் கிடக்கிறதோ அப்படியே கோணிக்கொள்ளும். பாக்கெட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதுவும் விட்டுப்போகலாம். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, தரையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து நுனியில் நிற்க வைத்தால் வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கும், பாருங்கள்.