"வாய்க்கால் எங்களுடையது இல்லை" என்று கவுன்சிலர் வீட்டில் சொன்னால்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவின் கொல்லைப்புறமாக ஓடும் பாசன வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியின்றி, தெருச் சாக்கடை எதிர்த்து வீட்டு வாசலுக்கு ஏறுகிறது. வார்டு கவுன்சிலர் ஒரு பெண்மணி. அழைத்தால் அவருடைய கணவர்தான் பேசுகிறார். "வாய்க்கால் பொதுப்பணித் துறையுடையது, நகராட்சி ஒன்றும் செய்ய முடியாது" என்பதே எப்போதும் கிடைக்கும் பதில். அப்படியென்றால் கவுன்சிலருக்கு என்னதான் வேலை? அவரிடம் எதை, எப்படிக் கேட்க வேண்டும்?

பதில்: அவர் சொன்னதில் பாதி சரி. டெல்டா நகரங்களின் ஊடே ஓடும் வாய்க்கால்களில் பல, ஆற்றின் தலைப்பில் பிரிந்து, ஊரைக் கடந்து, அதற்கப்பால் உள்ள வயல்களுக்குப் போகிறவை. இவற்றில் பெரிய வாய்க்கால்களான ஏ, பி பிரிவுகளைத் தூர்வாருவது, 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்ட நீர்வளத் துறையின் வேலை. வயலை ஒட்டிய சி, டி பிரிவு வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறை தூர்வாருவதும் உண்டு. ஆனால் அந்த வாய்க்காலில் வந்து விழும் தெருச் சாக்கடை, அதில் கொட்டப்படும் குப்பை, செப்டிக் டேங்க் குழாயை நேராக வாய்க்காலுக்குள் விட்டிருக்கும் வீடுகள் ஆகிய மூன்றும் நகராட்சி கவனிக்க வேண்டியவை. இவற்றை வேறு எந்தத் துறையின் தலையிலும் கட்ட முடியாது. ஆகவே முதலில், அந்த இடம் யாருடையது என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ஆவணமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே எடுக்க முடியும். நில அளவை எண் தெரியாவிட்டால், வாய்க்காலை ஒட்டியுள்ள உங்கள் மனையின் பத்திரத்தில் எல்லை சொல்லும் பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இனி கவுன்சிலரின் வேலைக்கு வருவோம். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகராட்சியின் நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர்; எந்த வேலையைச் செய்வது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிப்பது கவுன்சிலர்கள் கூடும் நகர்மன்றம். துப்புரவு ஆய்வாளரையோ உதவிப் பொறியாளரையோ ஒரு கவுன்சிலர் நேரில் கூப்பிட்டு வேலை வாங்குவது பழக்கத்தில் நடக்கிறதே தவிர, தனியொரு உறுப்பினர் போடும் உத்தரவுக்கு அலுவலகத்தில் இடமில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு இருப்பது போன்ற தொகுதி நிதியும் நகராட்சிக் கவுன்சிலருக்குப் பொதுவாகக் கிடையாது. 2023 முதல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் உண்டு. "சொந்தக் காசிலாவது செய்து கொடுக்கக் கூடாதா" என்று கேட்கும் மக்களும், கேட்ட மாத்திரத்தில் ஜேசிபி பிடித்துவந்து படம் எடுத்துக்கொள்ளும் கவுன்சிலர்களும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்தக் காசு பின்னால் எந்தக் கணக்கில் திரும்பி வரும் என்று இரு தரப்பும் யோசிப்பதில்லை.

அவர் கையில் உண்மையிலேயே இருப்பவை, மன்றத்தில் கேட்கும் உரிமையும் தீர்மானத்தில் அளிக்கும் வாக்கும்தான். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் 2022 பிப்ரவரி 19இல் நடந்த தேர்தலில் மக்கள் வாக்களித்தது கவுன்சிலர்களுக்கு மட்டுமே. நகர்மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தக் கவுன்சிலர்கள். ஆகவே அவர்கள் எழுந்து நின்று கேட்கும் கேள்வியைத் தலைவரோ ஆணையரோ ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

மன்றம் வழக்கமாக மாதம் ஒருமுறை கூடும். அதற்கு முன்பே உறுப்பினர்களுக்கு அஜெண்டா வந்துவிடும். அதில் ஒரு பொருள், மழைக்கால அவசரப் பணியாக வடிகால்களில் அடைப்பு நீக்க ஜேசிபி வாடகைக்கு எடுத்த செலவுக்கு மன்றத்தின் அனுமதி வேண்டும் என்ற அளவில் ஓரிரு வரியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் இதை வாசித்து முடிப்பதற்குள் "ஆல் பாஸ்" என்ற குரல் எழுந்துவிடும். வேலையைச் சரியாகச் செய்யும் கவுன்சிலர் அந்த இடத்தில் கையை உயர்த்துவார். எந்தெந்த வார்டு, எந்தத் தெரு, வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, ஓடியதாகக் கையெழுத்துப் போட்டவர் யார், அள்ளிய சேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டது என்று கேட்பார். கடைசிக் கேள்விதான் முக்கியமானது, ஏனென்றால் கரையிலேயே குவித்து வைத்த சேறு அடுத்த மழையில் திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே போய்விடும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் இல்லையென்றால், பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கும்படி கோரலாம். தன் ஆட்சேபத்தைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும்படியும் கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அவர் மன்றத்தில் அப்படியே கேட்கக்கூடிய கேள்வியை எழுத்தில் தருவது. "வாய்க்காலைச் சுத்தம் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்ற மனு அலுவலகத்தில் கிடக்கும் மனுக் கட்டோடு இன்னொன்றாகப் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக, உங்கள் வார்டில் எத்தனை தெருச் சாக்கடைகள் அந்த வாய்க்காலில் வந்து சேருகின்றன, செப்டிக் டேங்க் குழாயை அதில் விட்டிருக்கும் வீடுகளுக்கு நகராட்சி நோட்டீஸ் கொடுத்திருக்கிறதா, வாய்க்காலைத் தூர்வாரக் கோரி நீர்வளத் துறைக்கு நகராட்சி எப்போதாவது கடிதம் எழுதியிருக்கிறதா என்று மூன்றே கேள்விகள் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வந்தால், மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு நீர்வளத் துறைக்கு அனுப்பும்படி கவுன்சிலர் கோர முடியும். அப்படி ஒரு தீர்மானம் போன பிறகு, "எங்கள் வேலை இல்லை" என்று எந்தப் பக்கத்திலும் சுலபமாகச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போகிறது என்பதையும் கடிதம் எழுதுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவரின் வீட்டுக் கழிவுநீரே வாய்க்காலில் விழுந்தால் அந்த மனு அங்கேயே படுத்துவிடும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். வாய்க்கால் வறண்டு கிடக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் எங்கே மேடு தட்டியிருக்கிறது, எந்த மதகு உடைந்திருக்கிறது, எந்தக் குழாய் எந்த வீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நகராட்சியின் வரவு செலவுத் திட்டமும் ஏப்ரலுக்கு முன்பே தயாராகிறது. தை மாதத்தில் கடிதம் கொடுத்து, மாசியில் கவுன்சிலரையும் உதவிப் பொறியாளரையும் வாய்க்காலின் கரையில் ஒருமுறை நடக்க வைத்துவிட்டால், நிதி ஒதுக்கவும் தண்ணீர் வருவதற்குள் வேலை முடிக்கவும் அவகாசம் இருக்கும். ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டால் மோட்டார் வைத்து இறைப்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை நடந்துவிட்டது என்று பதில் வந்தால் அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அலுவலகத்தில் 'எம் புக்' என்பார்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பொறியாளர் அளந்து எழுதுவதும், ஒப்பந்ததாரரின் பில் தொகைக்கு அடிப்படையாக நிற்பதும் அதுதான். கவுன்சிலர் அதை மன்றத்தில் கேட்கலாம். அவர் கேட்கத் தயங்கினால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நீங்களே கேட்கலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண முத்திரை வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். நகல் கேட்பது மட்டுமல்லாமல், நடந்த பணியையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், புத்தகத்தில் உள்ள நீளத்தையும் வாய்க்காலில் உள்ள நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிடைத்த பதிலின் நகலைக் கவுன்சிலருக்கும் கொடுங்கள்.

கணவர் பேசுவதைப் பற்றி. தமிழக உள்ளாட்சிகளில் 2016 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன; மனைவி பதவியில் இருக்கக் கணவர் பேசுவது உங்கள் ஊரில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. தொலைபேசியில் யார் பேசினாலும், மன்றத்தில் எழுந்து பேசவும் வாக்களிக்கவும் அந்த அம்மையாரால் மட்டுமே முடியும். ஆகவே கடிதத்தை அவர் பெயருக்கே எழுதி, தெருப் பெண்கள் நாலைந்து பேர் நேரில் போய் அவர் கையில் கொடுத்து, நகலில் அவருடைய கையெழுத்தையே வாங்கி வரட்டும். வீட்டு வாசலுக்கு ஏறும் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிப் பெண்கள் பெண்ணிடம் பேசும்போது, கணவருக்குக் குறுக்கே பேச அதிகம் இருக்காது. புதிதாக வந்த பெண் உறுப்பினர்கள் பலர் பேசத் தயங்குவது என்ன கேட்பது என்று தெரியாததால்தான். கேள்வி எழுத்தில் கையில் இருந்தால் வாசித்துவிடுவார்கள்.

2022இல் வந்த விதிகளின்படி, கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும் அதன் கீழ், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் அமைய வேண்டும். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். குடிசைப் பகுதியில் ஏறும் தண்ணீரும் மாடி வீட்டுக்காரர் விடும் குழாயும் ஒரே கூட்டத்தில் பேசப்படுவதற்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை உண்டு. ஆனால் டெல்டா மாவட்ட ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது.

இவ்வளவுக்கும் பிறகு நகராட்சி அசையாவிட்டால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதைவிடப் பலன் தரும் வழி ஒன்று உண்டு. உங்கள் தெருவில் அடைபடும் அதே வாய்க்காலை நம்பி ஊருக்கு வெளியே சாகுபடி செய்யும் விவசாயிகளைத் தேடிப் பேசி, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர்கள் வாயால் அதை எழுப்பச் செய்யுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு ஆட்சியர் முன்னிலையிலேயே பதில் சொல்ல நீர்வளத் துறைப் பொறியாளர் அங்கே உட்கார்ந்திருப்பார். மன்றத் தீர்மானத்தின் நகல் அந்த விவசாயிகளின் கையில் இருந்தால் இன்னும் நல்லது.