மறு: பைபாஸ் அன்று அப்பாவுக்குச் சர்க்கரை 240, மயக்க மருந்தாலா?

மார்த்தாண்டம் நண்பருக்கு,

இதற்கு முன் சர்க்கரையே இல்லாத அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் பைபாஸ் முடிந்ததும் 240 காட்டியது என்கிறீர்கள். மயக்க மருந்து மேல் மட்டும் பழி போட முடியாது. கத்தி பட்டதுமே உடம்பு கார்டிசால், அட்ரினலின் என்ற அழுத்த ஹார்மோன்களைக் கொட்டும். இரண்டும் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஃபென்டனைல் என்ற வலி மருந்தை அதிக அளவில் கொடுத்தால் நெஞ்சைத் திறக்கும்போது இந்த ஹார்மோன் பெருக்கு அடங்கும். இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டபின் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் என்ற சுவாசிக்கும் மயக்க மருந்துகள் இன்சுலின் சுரப்பையே குறைக்கும். நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரோபோஃபாலில் இந்தத் தொல்லை குறைவு. இதோடு உடம்பைக் குளிர்விப்பது, பிரஷருக்கு ஓடும் அட்ரினலின், ஸ்டீராய்டு ஊசி எல்லாம் சேர்ந்தால் 240 வருவதில் ஆச்சரியமில்லை.

எட்டோமிடேட் என்ற மயக்க ஊசி மட்டும் நேர் எதிர். அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் தயாராவதையே அடைத்துவிடும், ஒரே டோஸில் ஒரு நாள் வரைகூட. பிரஷர் ஏறாமல் அடம்பிடித்தால்தான் அதைப் பற்றிக் கேட்க வேண்டும். உங்கள் கதை அதுவல்ல.

ஐசியூவில் 180-க்குக் கீழே வைக்க இன்சுலின் ஓட்டுவது வழக்கம். அதை வைத்து 'சுகர் வந்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5-க்குக் கீழா, அதாவது சர்க்கரை நோய் அளவுக்குக் கீழா என்று ஃபைலில் பாருங்கள். ரத்தம் ஏற்றியிருந்தால் இப்போது எடுக்கும் எச்பிஏ1சி கணக்குத் தப்பும், ஆகவே அவசரப்பட்டு லேபுக்கு ஓட வேண்டாம். டிஸ்சார்ஜில் இன்சுலின் எழுதியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.