ஓப்பன்இஎச்ஆர் வைத்து மருத்துவமனை மென்பொருள் எழுதினால் வேலை குறையுமா?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு நோயாளி பதிவேட்டு மென்பொருள் எழுதுகிறோம். ஓப்பன்இஎச்ஆர் என்ற திறந்த மருத்துவப் பதிவேட்டுத் தரநிலையின் ஆர்க்கிடைப்புகளை (மருத்துவ விவரங்களின் தயார் வரையறைகளை) எடுத்துக்கொண்டால் டேபிள், ஃபார்ம் எல்லாம் தானாகவே வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. டேபிள் தொல்லை நிஜமாகவே போய்விடும். ஃபார்மும் தானாக வரும், ஆனால் அதை எந்த நர்ஸும் தொட மாட்டார்.

நான் இதே துறையில் புரோகிராம் எழுதுகிறவன். வழக்கமாக என்ன செய்வோம்? ஓபி டேபிளில் பிரஷருக்கு இரண்டு நெடுவரிசை போடுவோம். இதய மருத்துவர் வந்து படுத்து ஒன்று, நின்று ஒன்று வேண்டும் என்பார். ஐசியூவில் சராசரி தமனி அழுத்தம் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் டேபிளை மாற்றி, பழைய ரிப்போர்ட்டுகள் உடைந்து, திட்டு வாங்கி... தெரிந்த கதைதான்.

ஓப்பன்இஎச்ஆர் இதை இரண்டாகப் பிரிக்கிறது. மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் பொதுவான சில வடிவங்கள்: கவனித்தது, மதிப்பிட்டது, செய்யச் சொன்னது, செய்தது. மருத்துவ விவரம் முழுவதும் வெளியே, ஆர்க்கிடைப் என்ற தனிக் கோப்புகளில் இருக்கிறது. அதை எழுதி விவாதித்துத் திருத்துகிறவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் தெரிந்தவர்கள். 90களில் ஐரோப்பாவில் நடந்த ஜிஇஎச்ஆர் ஆய்வுத் திட்டத்தில்தான் இதற்கு வேர்.

ரத்த அழுத்த ஆர்க்கிடைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். சிஸ்டாலிக், டயஸ்டாலிக் மட்டும் இல்லை. நோயாளி உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, எந்தக் கையில் பார்த்தது, கஃப் அளவு என்ன, விழித்திருந்தாரா, 24 மணி நேரச் சராசரியா என்று அனைத்துக்கும் இடம் உண்டு. டயஸ்டாலிக்கை கொரோட்காஃப் ஒலியின் (கஃப் தளரும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது) நான்காம் கட்டத்தில் எடுத்தார்களா, ஐந்தாம் கட்டத்திலா என்பதற்குக்கூட! உலகத்தில் யாருக்காவது தேவைப்படக்கூடியதை எல்லாம் சேர்த்துவைப்பதுதான் அதன் நோக்கம்.

அதனால்தான் அதிலிருந்து நேரடியாக ஃபார்ம் உருவாக்கினால் காலை ஓபி நெரிசலில் யாரும் நிரப்ப முடியாத பூதம் ஒன்று வந்து நிற்கும். உங்கள் வேலை டெம்ப்ளேட்டில் இருக்கிறது. பல ஆர்க்கிடைப்புகளைக் கோத்து, வேண்டாததை அடைத்து, வேண்டியதைக் கட்டாயமாக்குவது அங்கேதான். டெம்ப்ளேட்டில் குறைக்கலாம், இறுக்கலாம்; ஆர்க்கிடைப்பில் இல்லாததை நினைத்தபடி நுழைக்க முடியாது. இதற்கு ஒரு டாக்டர் உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். தொழில்நுட்பத்தைவிட அந்த டாக்டரின் நேரத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். திரையை எப்படியும் கையால்தான் வடிவமைக்கப் போகிறீர்கள், அதற்கு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

உழைப்புக்குக் கிடைக்கும் பலன் தேடலில் தெரியும். ஓபி, வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று எந்த டெம்ப்ளேட்டில் பதிந்தாலும், இந்த ஆர்க்கிடைப்பைப் பயன்படுத்தியிருந்தால் சிஸ்டாலிக் அதே பாதையில், ஏடி0004 என்ற குறியீட்டில்தான் இருக்கும். ஓப்பன்இஎச்ஆரின் வினவல் மொழியான ஏக்யூஎல்லில் ஒரே வினவல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். திருத்தினாலும் பழைய பதிப்பு அழியாது. யார், எப்போது மாற்றினார் என்பதும் கூடவே இருக்கும்.

பில்லிங், அப்பாயின்ட்மென்ட், மருந்துக்கடை ஸ்டாக் இவற்றை இதற்குள் திணிக்காதீர்கள். அவற்றுக்கு சாதாரண டேபிள்களே போதும்.

அப்புறம், பலர் குழம்பும் இடம் ஃபயர் (FHIR), அதாவது மருத்துவத் தகவலை மென்பொருள்களுக்கு இடையே பரிமாறும் தரநிலை. இந்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு இணைய வேண்டுமானால் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் ஃபயர் ஆர்4 வடிவத்தில்தான் கொடுக்க வேண்டும். ஓப்பன்இஎச்ஆர் உள்ளே சேமிக்க, ஃபயர் வெளியே அனுப்ப. இடையில் மாற்றிக்கொடுக்கும் அடுக்கை நீங்கள்தான் எழுத வேண்டும்: இங்கே ஏடி0004, அங்கே லாயிங்க் என்ற சர்வதேசக் குறியீட்டுத் தொகுப்பின் 8480-6. ஒவ்வொரு புலத்துக்கும் இப்படி. அலுப்பான வேலை, திட்டமிடும்போது பெரும்பாலும் மறந்துபோகிற வேலையும்கூட.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் இஎச்ஆர்பேஸ் என்ற ஓப்பன்இஎச்ஆர் சர்வரை டாக்கர் கன்டெய்னரில் ஏற்றிப் பார்ப்பேன். திறந்த மூலம், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருப்பதால் பழகிய ஆட்கள் கிடைப்பார்கள். பிரஷர், எடை, நோய்க்கணிப்பு மூன்றை மட்டும் வைத்து ஒரு டெம்ப்ளேட். உங்கள் டாக்டர் அதற்கு வாரம் ஒரு மணி நேரம்கூட ஒதுக்க மாட்டார் என்றால் ஓப்பன்இஎச்ஆரை விட்டுவிட்டு, ஃபயருக்கு ஒத்த வடிவில் டேபிள்களை அமைத்துக்கொள்ளுங்கள். சிறிய மருத்துவமனைக்கு அது தாங்கும்.