பேச்சிப்பாறை மழைக்கணக்கும் ட்ரியெஸ்தே விண்ணப்பமும் – கடிதம், பதில்

மதிப்பிற்குரிய சாருக்கு,

வணக்கம். குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். வயது 37. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் மழைப்பதிவுகளை வைத்து முனைவர் பட்டம் முடித்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. வாரம் 18 மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் கமிட்டி வேலை. இந்தத் துறையைப் பற்றி வாய்விட்டுப் பேசக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை.

வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்காக இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் ஐ.சி.டி.பி. (கோட்பாட்டு இயற்பியலுக்கான சர்வதேச மையம்) இருப்பதை அறிந்து இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதலில் நானோ பொருட்கள் பற்றிய பயிற்சிக்கு, அது மே விடுமுறையில் வந்தது என்பதால். அடுத்து காலநிலை பற்றிய ஒன்றுக்கு. இரண்டுமே கிடைக்கவில்லை. 'அதெல்லாம் ஐஐடிக்காரங்களுக்கு' என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். 'நம்ம ஆட்களைக் கொத்திக்கொண்டு போக வெள்ளைக்காரன் விரிச்ச வலை' என்கிறார் இன்னொருவர். என்னைப் போன்றவர்களுக்கு இது பொருந்துமா? எப்படி விண்ணப்பிக்க வேண்டும்? இரண்டாம் முறை எழுதிய விண்ணப்ப வாசகத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி (பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் விண்ணப்ப வாசகத்தைப் பலமுறை படித்தேன். 'அறிவியலில் சிறுவயது முதலே எனக்குத் தீராத ஆர்வம். உலகத்தரமான சூழலில் கற்றுக்கொள்ள இது அரிய வாய்ப்பு' என்று தொடங்குகிறது. பேச்சிப்பாறை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஒரே சொத்தை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள்.

அந்தச் சொத்தின் மதிப்பைச் சொல்கிறேன். இந்திய வானிலைத் துறை 1901 முதலான தினசரி மழையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் சதுரம், சுமார் 750 சதுர கிலோமீட்டர். குமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக முழு மாவட்டமும் இரண்டேகால் கட்டத்துக்குள் அடங்கிவிடும். பேச்சிப்பாறையின் ரப்பர் தோட்டமும் ஆரல்வாய்மொழியின் முள்காடும் நேர்கோட்டில் 35 கிலோமீட்டருக்குள். ஒன்று நனைந்துகொண்டே இருக்கும், மற்றது மலைமறைவில் காய்ந்து கிடக்கும். இந்த வேறுபாடு அந்தக் கட்டங்களின் சராசரியில் கரைந்து போகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. நம் மாவட்டத்துக்கு ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என இரண்டு உச்சம். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் பருவங்களும் அதை ஒட்டித்தான் வந்தன. இரு பருவமழையும் கைமாறும் இடத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே நின்று தினமும் அளந்த கணக்கு உங்களிடம் இருக்கிறது. ட்ரியெஸ்தேயில் கணினி உண்டு, காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் மாதிரி (மாடல்) உண்டு, ஆள் உண்டு. இந்தக் கணக்கு இல்லை.

வலை என்ற பேச்சுக்கு வருகிறேன். பாகிஸ்தானின் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1951இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பினார். கூடப் பேச ஆளில்லை. ஆராய்ச்சிக்கு நேரமில்லை, கல்லூரிக் கால்பந்து அணியைக் கவனிக்கச் சொன்னார்கள். பம்பாய்க்கு வந்திருந்த இயற்பியலாளர் வோல்ஃப்காங் பாலியைச் சந்தித்துவிட்டு வந்ததற்கு, அனுமதியின்றிப் போனதாக நடவடிக்கைக்கு ஆளானார். நாடா, இயற்பியலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது. 1954இல் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். இன்னொருவருக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அந்த மையத்தின் வித்து. 1960இல் சர்வதேச அணுசக்தி முகமையின் மாநாட்டில் யோசனையை வைத்தார். ஏழை நாடுகளுக்கு மாட்டுவண்டி போதும், கோட்பாட்டு இயற்பியல் என்னும் ரோல்ஸ்ராய்ஸ் எதற்கு என்ற எதிர்ப்பும் வந்தது. 1964இல் ட்ரியெஸ்தேயில் மையம் தொடங்கியது. இன்றும் செலவில் பெரும்பங்கு இத்தாலி அரசுடையது, நிர்வாகம் யுனெஸ்கோவுடையது.

அங்கே அசோசியேட் என்றொரு திட்டம் உண்டு. தேர்வானவர் சில ஆண்டுகளுக்குள் சில முறை போய், ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் தங்கி வேலை செய்யலாம். நிபந்தனை, அவர் வளரும் நாட்டில் வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். பணக்கார நாட்டில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அந்த இடம் போய்விடும். ஆளைக் கொத்திக்கொண்டு போகிறவர்கள் இப்படி ஒரு விதியை எழுத மாட்டார்கள். உங்கள் சக ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். அசோசியேட் பிறகு. முதலில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றுக்குப் போய் நாலு பேரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏற்றது அங்குள்ள புவி அமைப்பு இயற்பியல் பிரிவு. ரெக்சிஎம் என்ற வட்டாரக் காலநிலை மாதிரி அவர்கள் பராமரிப்பது. இலவசம், மூலநிரலும் திறந்தது. அதற்கான பயிலரங்குகளை அவர்களே நடத்துகிறார்கள். விடுமுறையைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நானோ பயிற்சிக்கு மழை ஆராய்ச்சியாளர் விண்ணப்பித்தால் தேர்வுக்குழு அரை நிமிடத்தில் ஒதுக்கிவிடும், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

விண்ணப்ப வாசகத்தை இப்படித் தொடங்குங்கள்: 'மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் இரண்டு அணைகளின் இத்தனை ஆண்டு தினசரி மழைப்பதிவு என்னிடம் உள்ளது. 25 கிலோமீட்டர் கட்டத்தில் 1,600 மீட்டருக்கு மேல் எழும் மகேந்திரகிரி சில நூறு மீட்டர் மேடாகத் தட்டையாகிவிடுகிறது. கட்டத்தை 10 கிலோமீட்டருக்குக் குறைத்தால் ஐப்பசி உச்சம் சரியான இடத்தில் வருகிறதா என்று பார்க்க விரும்புகிறேன். மாதிரியை என் கணினியில் நிறுவிவிட்டேன், இந்தப் படியில் நின்றுவிட்டது.' இவ்வளவுதான். எங்கே நின்றது என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். பயிலரங்கு நடத்துகிறவர் தேடுவது அந்த ஆளைத்தான்.

அதற்கு உண்மையிலேயே நிறுவிப் பார்த்திருக்க வேண்டும். உபுண்டு இயங்குதளம் போட்ட கணினி, ஃபோர்ட்ரான் மொழி நிரலைத் தொகுக்கும் கம்பைலர், தரவுக் கோப்புகளைக் கையாளும் நெட்சிடிஎஃப், கணக்கைப் பல செயலிகளுக்குப் பங்கிடும் எம்பிஐ ஆகிய நிரல் நூலகங்கள் வேண்டும். நெட்சிடிஎஃப்பின் ஃபோர்ட்ரான் பகுதியை ஒரு கம்பைலரிலும் மாதிரியை வேறொன்றிலும் தொகுத்தால் முதல் நாளே முட்டும். பிறகு நான்கு படி: டெரெய்ன் நிரல் நிலத்தின் உயரத்தை அமைக்கும், எஸ்எஸ்டி கடல்பரப்பு வெப்பத்தை எடுக்கும், ஐசிபிசி தொடக்க, எல்லை நிலைகளைத் தயாரிக்கும், அதன் பிறகே மாதிரி ஓடும். பெரும்பாலும் ஓட்டம் பாதியில் உடைவதற்குக் காரணம், கட்டத்தைச் சிறிதாக்கியவர், மாதிரி ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவும் நேர இடைவெளியைக் குறைக்க மறந்திருப்பார். அடுத்த தவறு, மாதிரி கணக்கிடும் பரப்பின் எல்லைக்கோட்டை மலையின் மேலேயே போடுவது. குமரிக்கு மழை கடலிலிருந்து வருகிறது. மேற்கே அரபிக்கடலிலும் தெற்கே, கிழக்கேயும் போதுமான அளவு கடலைப் பரப்புக்குள் விடுங்கள். முதல் முயற்சிக்கு ஒரு மாதத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். 2017 நவம்பரை எடுக்கலாம். 29ஆம் தேதி காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் தேதி காலையில் ஒக்கி புயலாகிக் குமரிக்கடலில் நின்றது. நம் கடற்கரைக் கிராமங்கள் அந்த ஒரு நாளுக்குக் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மழைக்கணக்கிலும் சரிபார்க்க வேண்டியது உண்டு. மழைமானி காலை 8.30க்குப் படிக்கப்படுகிறது. 30ஆம் தேதிக்கு நேரே எழுதிய மழையில் பெரும்பங்கு 29ஆம் தேதி பெய்தது. மாதிரியின் நாள் கிரீன்விச் நள்ளிரவில், நமக்குக் காலை 5.30க்குத் தொடங்கும். அப்படியே ஒப்பிட்டால் ஒரு நாள் தள்ளிப்போய், நல்ல மாதிரிகூட மோசமாகத் தெரியும். மாதிரியின் மணிக்கணக்கு மழையை கிரீன்விச் 3 மணி முதல் மறுநாள் 3 மணி வரை கூட்டி எடுங்கள். பழைய ஏடுகளில் அளவு இஞ்சிலும் சென்டிலும் இருக்கும். ஒரு சென்ட், அதாவது இஞ்சில் நூறில் ஒரு பங்கு, 0.254 மில்லிமீட்டர். மழையில்லை என்று எழுதிய நாளும் ஒன்றுமே எழுதாத நாளும் வேறுவேறு. இரண்டுக்கும் பூஜ்யம் போட்டால் வறட்சியை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். மானிக்கு அருகில் மரம் வளர்ந்ததா, மானியை இடம் மாற்றினார்களா என்று அணையில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் கேளுங்கள். மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமாவது மானி தள்ளி இருக்க வேண்டும். ரப்பர் இலை உதிரும் காலத்தில் புனலில் இலை அடைத்திருந்தால் அந்த வாரத்து எண் நம்பத்தக்கதல்ல.

பரிந்துரைக் கடிதத்தை முதல்வரிடம் வாங்காதீர்கள். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று அவர் எழுதுவார், அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் தேர்வுக்குழுவுக்கு உதவாது. உங்கள் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்த ஒருவர், புறத்தேர்வாளராக இருந்தவர்கூட, எழுதட்டும். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சிடும் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை உங்களை உயர்த்தாது, மற்ற உண்மையான வேலையையும் சந்தேகிக்க வைக்கும். பதவி உயர்வு மதிப்பெண்ணுக்காக ஆசிரியர்களை அந்தக் கடைகளுக்குத் துரத்தும் முறைமேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு வன்தட்டு வாங்கலாம்.

பயிற்சிகளுக்குப் பதிவுக்கட்டணம் கிடையாது. தங்கும் செலவுக்கும் சில சமயம் பயணத்துக்கும் உதவித்தொகை உண்டு, வளரும் நாட்டவருக்கு முன்னுரிமை. ஆனால் எண்ணிக்கை குறைவு. பல அறிவிப்புகளில் இரண்டு கடைசித் தேதி இருக்கும். உதவித்தொகையும் விசாவும் தேவைப்படுகிறவர்களுக்கான தேதி முன்னதாகவே முடிந்துவிடும். நமக்கு அதுதான் கடைசித் தேதி. விமானக்கட்டணத்தில் ஒரு பகுதியை வேறிடத்தில் திரட்ட முடியும் என்றால் அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஒரே தொகையில் இரண்டு பேரை அழைக்க முடிகிறபோது குழுவின் மனம் அந்தப் பக்கம் சாயும்.

அழைப்பு வருவதற்கு முன்பே தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கும் வேலையைத் தொடங்குங்கள். உதவிபெறும் கல்லூரி என்றால் நிர்வாகத்தோடு முடியாது, கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வரை கோப்பு போகும். விசா மனுவைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், 15 நாள் முன்பு வரை ஏற்பார்கள். அந்தக் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள், பரிசீலனை 45 நாள் வரை நீளலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கைரேகை கொடுக்க நேரில்தான் போக வேண்டும். அறிவியல் கருத்தரங்கில் பங்கேற்கும் ஆராய்ச்சியாளருக்கு விசாக் கட்டண விலக்கு, ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கன் விதியிலேயே இருக்கிறது. அழைப்புக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். சேவை மையத்தின் கட்டணம் தனி. இன்னொன்று பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கட்டுரையில் வீட்டுக்காரர் பெயர் என்று நம் ஊரில் ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அழைப்புக் கடிதமும் டிக்கெட்டும் அதன்படியே வரும்.

குளிர்காலத்தில் போக நேர்ந்தால் போரா என்ற காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வடகிழக்கு மேட்டுநிலத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் நின்றவருக்குக் காற்று புதிதல்ல, குளிர் புதிது.

எல்லாச் சர்வதேச உதவியும் நமக்கானது அல்ல என்பதையும் கவனியுங்கள். அதே ஊரில் இருக்கும் பெண் விஞ்ஞானிகள் அமைப்பான ஓ.டபிள்யு.எஸ்.டி.யின் முனைவர் பட்ட உதவி, அறிவியலில் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கானது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. உலக அறிவியல் அகாடமியான ட்வாஸ் அமைப்போடு சேர்ந்து பிற வளரும் நாட்டவரை அழைத்து ஆராய்ச்சி செய்ய வைக்கும் இடத்தில் இந்தியா இருக்கிறது. அதனால்தான் பக்கத்தில் இருப்பதை முதலில் பாருங்கள் என்கிறேன். பெங்களூரில் உள்ள கோட்பாட்டு அறிவியல் மையமான ஐ.சி.டி.எஸ்., ட்ரியெஸ்தே போலவே பயிற்சிகள் நடத்துகிறது. கன்னியாகுமரியில் ஐலேண்ட் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் அங்கே இறங்கலாம். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை. புனேயின் வெப்பமண்டல வானிலை நிறுவனம் தெற்காசியாவுக்கு ஏற்கெனவே ஓட்டிய வட்டாரக் காலநிலை மாதிரிகளின் விளைவுகளை இலவசமாகத் தருகிறது. நீங்கள் மாதிரியை ஓட்டும் முன்பே அவற்றை உங்கள் அணைக் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம். அந்தக் கட்டுரையோடு போகும் மூன்றாவது விண்ணப்பத்தின் எடை வேறு.

நீர்வளத்துறை அலுவலகத்தில் அந்த மழை ஏடுகளின் மூலப்பிரதி இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். உங்கள் ஆய்வேட்டுக்காகத் தட்டச்சு செய்த எண்கள் மட்டும் போதாது, சந்தேகம் வரும்போது பார்க்க ஏடு வேண்டும். அனுமதி வாங்கி, சாரல் தொடங்கி அலமாரியில் ஈரம் ஏறும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் தேதி வரிசையில் படமெடுத்து இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் படத்தில் விழட்டும். மானி பழுது, ஆள் விடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.