பிறர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதுதான் எப்போதும் உயர்ந்த நெறியா?

"ஆன்மீகமானாலும் அரசியலானாலும் குடும்பமானாலும் அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், இது எல்லா இடத்துக்கும் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சும்மா ஒரு தத்துவக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை. உங்கள் கண்ணெதிரே யாருக்கோ ஏதோ நடக்கிறது, நீங்கள் வாய் திறக்கப் போனபோது யாரோ இந்தச் சொல்லைச் சொல்லி உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், பங்காளிகள் சேர்ந்து இருந்த ஒரு வளவில், அதாவது பெரிய கூட்டு வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். இதே சொல்லை நல்லதுக்கும் சொல்லக் கேட்டிருக்கிறேன், மிகக் கெட்டதுக்கும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் திருமணமான சில காலத்திலேயே மகனையும் மருமகளையும் வேறு வைத்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சண்டை வராமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வீடு ஒன்றுதான், முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் எல்லோருக்கும் பொது, விசேஷங்களும் பொது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு, பாத்திரம் பண்டம், நெல், பருப்பு, செலவுக்குப் பணம் என்று பிரித்துக் கொடுத்த பிறகு, அந்த அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மாமியார் எட்டிப் பார்க்க மாட்டார். கல்யாணம் ஆனதுமே அவர்கள் கோயில் கணக்கில் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வீட்டுக்குள்ளும் தனிப் புள்ளி. அதே சமயம் அறைக்குள் ஒருவர் காய்ச்சலில் கிடந்தால், ஒரு குரல் கொடுத்தால் போதும், பட்டாலையில் இருக்கும் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். கதவு அவரவர்க்குச் சொந்தம், கூப்பிடு தூரத்தில் ஆள் உண்டு என்ற இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த ஏற்பாடு. இதை நான் நகரத்தார் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்.

என் சின்னத்தா (சித்தி) ஒருவர் பிள்ளை இல்லாதவர், கணவரை இழந்தவர், இரண்டாங்கட்டில் தம் அறையில் தனியே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னோருக்குப் படையல் இடும் ஒரு படைப்பு நாளில் பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வந்திருந்தோம். படைப்பு முடிந்து பெண்கள் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னத்தாவைப் பட்டாலைக்குக் கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். அங்கே அவருடைய பங்கை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அச்சடித்துத் தயாராக இருந்தது, பேனா மூடி திறந்து இருந்தது, மைப்பெட்டியும் இருந்தது. வீட்டைப் பிரித்து விற்பதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள் போய்விட்டன. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிறுத்தி வைத்திருப்பதை நீங்களே போய்ப் பார்க்கலாம். அதற்கு எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டும், மீதம் இருந்தது சின்னத்தாவின் கையெழுத்து ஒன்றுதான்.

கண்ணாடி இல்லாமல் சின்னத்தாவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்பது அந்தப் பட்டாலையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி அவர் அறையில், மாடப்பிறையில் இருந்தது. ஒருவரும் எடுத்துவரச் சொல்லவில்லை. "எங்கே போடணும்னு காட்டுங்க" என்று அவர் குனிந்தபோது நான் எழுந்து, "சின்னத்தா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சுப் பாருங்க, புரியாத இடத்தை நான் வாசிச்சுச் சொல்றேன், இன்னைக்கே போடணும்னு ஒண்ணும் இல்லை" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, இந்தத் தொகை குறைவு என்றுகூடச் சொல்லவில்லை. உடனே எங்களுக்குப் பெரியப்பச்சி (பெரியப்பா) முறையுள்ள ஒருவர், "ஒரு புள்ளி விஷயத்துல இன்னொரு புள்ளி தலையிடுற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது" என்றார். அந்த வழக்கத்தை நான் மதிப்பவன். ஆனால் அந்த இடத்தில் அந்தச் சொல் சின்னத்தாவின் கதவைக் காக்கவில்லை. கதவுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவர்களைத்தான் காத்தது. முதலில் தலையிட்டது நான் இல்லை.

பின்பு சின்னத்தா ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டினார், அன்று கையெழுத்துப் போடவில்லை. நீண்ட நாள் கழித்து, தம் பங்கைத் தம்முடைய உடன்பிறந்தவர் மகனுக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வைத்தார். பங்காளி வீட்டுச் சொத்து வெளியே போகிறது என்று பெரும் கொந்தளிப்பு. "நீதானே அன்றைக்குப் பேசினாய், இப்போதும் பேசித் தடுத்து நிறுத்து" என்று என்னிடமே வந்தார்கள். எனக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லைதான். ஆனால் அவர் படித்துப் பார்த்து, யோசித்து, யார் மிரட்டலும் இல்லாமல் எடுத்த முடிவில் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பங்குக்கு ஆசைப்பட்டுத்தான் அன்று எழுந்து நின்றேன் என்று இன்றைக்கும் ஊரில் சொல்பவர்கள் உண்டு. எனக்கு ஓர் ஓடுகூட வரவில்லை என்பதைப் பத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பதிவு அலுவலகத்தில் "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்கிறார்களே தவிர, "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று வயதான பெண்களிடம் பொறுமையாகக் கேட்பவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கணவர் வழிச் சொத்துக்கு மனைவியை முழு உரிமையாளர் ஆக்கிய இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்த உரிமை மைப்பெட்டிக்கு முன்னால் எத்தனை முறை கரைந்திருக்கிறதோ!

என் மனத்தில் இருந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லி நான் படித்தது ஒரு சர்வதேசத் தீர்ப்பைப் பற்றி. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவா, அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டு ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றம், ஒரு நாடு தானே சுதந்திரமாக முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் வற்புறுத்தலைக் கையாள்வதுதான் தடை செய்யப்பட்ட தலையீடு என்றது. ஆக, கருத்துச் சொல்வதோ மனிதாபிமான உதவி செய்வதோ குற்றம் அல்ல, நெருக்குவதுதான் குற்றம். வீட்டுக்கும் நாட்டுக்கும் இந்த ஓர் அளவுகோலே போதும் என்பது என் கருத்து. யார் யாரை நெருக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். யார் குரல் கொடுக்கிறார்கள் என்பது பிறகு.

நாடுகளிடையே இந்தத் தலையிடாமைக் கொள்கை 1945ஆம் ஆண்டு ஐ.நா. சாசனத்திலும், 1954இல் இந்தியாவும் சீனாவும் ஒப்புக்கொண்ட பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகளிலும் இருக்கிறது. அதன் சூடு செட்டிநாட்டுக்கு நன்றாகத் தெரியும். என் ஐயா காலத்தில் எங்கள் ஊரில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போகாத குடும்பம் இல்லை. பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் கொண்டுவந்தது. ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் 1963இல் வங்கிகளும், அதை அடுத்துக் கடைகளும் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறினார்கள். இந்திய அரசு ஆட்களை அழைத்துவரக் கப்பல் அனுப்பியது, இழப்பீடு பற்றிப் பேசியது, அதற்கு மேல் பர்மாவை மிரட்டவில்லை. எங்கள் பெரியவர்கள் சாகும்வரை அதை ஆறாத மனக்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை, இதற்காக உறவினர்களின் கோபத்தையும் வாங்கியிருக்கிறேன். 1930களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்து, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களிடம் சேர்ந்திருந்தது. அவர்கள் சட்டப்படிதான் தொழில் செய்தார்கள், நம்பித்தான் கடன் கொடுத்தார்கள். ஆனாலும் தன் மண் யாருக்கு என்று ஒரு நாடு எடுக்கும் முடிவைப் பக்கத்து நாடு மிரட்டி மாற்றியிருக்கக் கூடாது. மனிதர்களைப் பட்டினியோடு துரத்தியது வேறு. அதைக் கண்டித்து இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம்.

இதே "உள்நாட்டு விவகாரம்" என்ற சொல்லைத்தான் 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஓடிவந்துகொண்டிருந்தபோது பாகிஸ்தானும் சொன்னது. 1994இல் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இனக்கொலை நடந்துகொண்டிருந்தபோதே ஐ.நா. தன் அமைதிப் படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் அளவுக்கு மாண்டார்கள். அப்படியானால் படையோடு போவதெல்லாம் சரியா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. 1987இல் இலங்கைக்குப் போன இந்தியப் படை இரண்டு அரசுகளின் ஒப்பந்தத்தோடுதான் போனது. யாருக்காகப் போனதாகச் சொன்னார்களோ அந்தத் தமிழர் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. 1990இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை இழந்து திரும்பியது, அங்கே மக்கள் பட்டதைச் சொல்லி மாளாது. பாதிக்கப்பட்டவர் குரலைக் கேட்காமல் போகும் உதவியும் நெருக்கடியாகவே முடிகிறது.

ஊர் வழக்கத்துக்கும் இதே கணக்குத்தான். 1930ஆம் ஆண்டில், செட்டிநாடும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்கள் தங்க நகை அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்றெல்லாம் எட்டுத் தடைகளை ஆதிக்கச் சாதியார் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அது ஊர் விஷயம் என்று ஒதுங்கி நின்றவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டவர்கள்தாம், அவர்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும். கோயில் நிர்வாகத்திலும் அப்படியே: கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1817இல் மேற்பார்வையை எடுத்துக்கொண்டது, மதத்தில் தலையிடுவதில்லை என்ற 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் பிரகடனத்துக்குப் பின் 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றிலும் விலகிக்கொண்டது. அப்படி விலகிய இடத்தில் பல ஊர்களில் கோயில் நிலம் தனியார் கைக்குப் போயிற்று, 1925இல் சென்னை மாகாணம் மறுபடி சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. பூசையில் அரசு கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பிள்ளையார்பட்டியை நகரத்தார் தாங்களே நிர்வகித்து வருவதை மனமாரப் போற்றுபவன் நான். ஆனால் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பூசை இல்லை.

ஆன்மீகத்தில் மட்டும் தலையிடாமையை ஏறக்குறைய முழுமையாகவே ஏற்கிறேன். ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும், கும்பிடத்தான் வேண்டுமா என்பதில் நெருக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. திருவண்ணாமலையில் ரமணர் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். வீட்டை விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களை இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார். தம்மிடம் வா என்று யாரையும் இழுக்கவில்லை. அதற்காகத் துறவி என்றால் ஊர் எரியும்போதும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் பக்கத்துச் சைவ மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளார், 1982இல் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டபோது நேரில் போய் இரு தரப்பாரிடமும் சமாதானம் பேசினார். எவரையும் தம் சமயத்துக்கு மாற்றப் போகவில்லை, எரிவதை நிறுத்தத்தான் போனார். இரண்டு பேரும் எனக்கு ஒரே கொள்கைக்காரர்களாகத்தான் தெரிகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவரைத் தனியாகப் பார்த்து, "நான் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் மனமாரச் சொன்னால் விட்டுவிடுங்கள், ஆனால் அவரிடம் போய்வருவதை நிறுத்திவிடாதீர்கள். பயத்தில் வேண்டாம் என்கிறார் என்று தோன்றினால், அவருக்கு யோசிக்க அவகாசமும் காகிதத்தைப் படிக்க வாய்ப்பும் வாங்கிக்கொடுங்கள், முடிவை அவருக்கே விடுங்கள். குழந்தையாக இருந்தால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். பெண்களுக்கு 181, முதியவர்களுக்கு 14567. தம்மைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்தவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பின்பு அவரைக் கவனிக்காமல் விட்டிருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக்கொடுத்து அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை அவரே எழுத முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துக்கு முன் ஒருமுறை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடுங்கள்.