வால்வோ ஈஎக்ஸ்30-க்கு ஜீக்கர் எக்ஸ் கதவு பொருந்துமா?

பொருந்தாது, வாங்கிவிடாதீர்கள். "ரெண்டும் ஜீலி வண்டிதானே" என்று கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை.

வால்வோவை சீனக் கார் நிறுவனமான ஜீலி 2010-இல் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. ஜீக்கர் ஜீலியே 2021-இல் தொடங்கிய பிராண்ட். இந்த இரண்டு மாடலுக்கும் அடித்தளம் ஒன்றுதான், எஸ்ஈஏ (SEA) என்ற ஜீலியின் மின்சார கார் பிளாட்ஃபார்ம். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஆனால் முன் பின் சக்கர இடைவெளியைப் பாருங்கள்: ஈஎக்ஸ்30-இல் 2650 மி.மீ., ஜீக்கர் எக்ஸில் 2750. மேலே இருக்கும் உடல் முழுக்க வேறு. கதவு, கண்ணாடி, பம்பர் எதுவும் மாறிப் பொருந்தாது.

சேஸி எண்ணைக் கொடுத்து வால்வோ சர்வீஸில் கதவின் பாக எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தருவதில் அதே எண் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

அப்புறம், சென்சார், கன்ட்ரோல் யூனிட் மாதிரியானவற்றுக்கு எண் ஒத்துப்போனாலும் போதாது. உங்கள் வண்டிக்கான சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டியிருக்கும்.