இறக்கையில் சுருக்கம், டாங்க்கில் வெண்மை: ஸ்ப்ரே பெயின்ட் கேள்வி-பதில்

விமானம், டாங்க் என்று ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர் என்ன பெயின்ட் என்றே எழுதவில்லை. "அடித்தேன், கெட்டுவிட்டது" என்றால் எதை வைத்துப் பதில் சொல்வது? லாக்கரா, எனாமலா, அக்ரிலிக்கா, எத்தனை மணி நேரம் காய்ந்தது, இதையெல்லாம் எழுதுங்கள்.

நவம்பர் மழையில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன். டாங்க் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. (சென்னை)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கேனைத் தொடாதீர்கள். சென்னையில் காலையைவிடப் பிற்பகல் தேவலை. வெயில் அடிக்கும் நாளில் மெல்லியதாக ஒரு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் கோட் கொடுங்கள், பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். அது காய்ந்த பிறகு மறுபடி மேட் அடிக்கலாம். முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள்.

பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது.

தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள், துளிகள் வழியிலேயே பாதி காய்ந்துவிட்டன. 15 முதல் 20 செ.மீ. போதும். நன்றாகக் காய்ந்ததும் 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துவிட்டு மேல் கோட் கொடுங்கள். கேன் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் வையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மாஸ்கிங் டேப்போடு பெயின்டும் உரிந்து வந்துவிட்டது.

பாகங்களைக் கழுவினீர்களா? பெயின்ட் பிடிக்க அடியில் பிரைமர் அடித்தீர்களா? இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவர இடும் எண்ணெய்ப் பசை பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். டேப்பை ஒட்டுமுன் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுங்கள், பிடிப்பு குறையும்.

எனாமல் அடித்து ஒரு நாள் காயவிட்டேன். மேலே லாக்கர் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்ததும் இறக்கை முழுக்கச் சுருங்கிவிட்டது. என்ன செய்வது? (கோவை)

பல வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எனாமல் மேல் லாக்கர் வேண்டாம். லாக்கர் மேல் எனாமல் போகலாம்.

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. கரைப்பான் போனதும் தொட்டால் ஒட்டாது, நாம் காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து உள்ளே இறுகப் பல நாள் ஆகும். லாக்கரின் கரைப்பானோ வீரியமானது. அரைகுறையாக இறுகிய எனாமலுக்குள் அது இறங்கினால் எனாமல் உப்பும். பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய இடமில்லை, மேலே மடிந்து எழும்புகிறது. ஆறும் பாலின் ஆடையை விரலால் தள்ளினால் வருமே, அதே மடிப்பு. என்னுடைய 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் ஒன்று இப்படித்தான் போனது. பேனல் கோடுகளில் பெயின்ட் தடிமனாகத் தேங்கியிருந்ததால் சுருக்கம் அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஹார்டுவேர் கடையில் கார் டச்-அப் கேன் வாங்கி, பிரைமர்கூட இல்லாமல் கிட்மேல் நேராக அடிக்கிறார்கள். அந்தக் கேன் தகரத்துக்கானது. நாம் ஒட்டும் கிட் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக், சில கேன்களில் உள்ள கரைப்பான் அதையே கரைத்துவிடும். ரிவெட் எல்லாம் வழுக்கையான பிறகு எந்தப் பெயின்டாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கேனின் பின்பக்கத்தைப் படியுங்கள். கரண்டியில் அடித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

உங்கள் இறக்கைக்கு வருகிறேன். இப்போது தொடாதீர்கள். ஒரு வாரம் விட்டு, உப்புத்தாளால் மட்டமாக்கி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள். சுருக்கம் ஆழமாக இருந்தால் பெயின்ட் முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது.

காக்பிட் கண்ணாடியை ஒட்டியதும் உள்ளே பனி படர்ந்துவிட்டது.

பெயின்ட் காரணமில்லை, சூப்பர் குளூவின் ஆவி. அடுத்த முறை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை.

ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் பாடிக்கான டமியா நிறுவனத்தின் பிஎஸ் கேன் மீதமிருக்கிறது. கிட்டுக்கு அடிக்கலாமா?

கூடாது. பிஎஸ், ஆர்சி கார் பாடியின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு. கிட்டுக்கு டமியாவின் டிஎஸ் கேன்.

ஜன்னலைத் திறந்துவைத்து அடிக்கிறேன். மாஸ்க் அவசியமா? (திருச்சி)

அவசியம். என்95 துளிகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வாங்குங்கள். ஜன்னல் சமையலறைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸ் எரியும்போதும் பூஜை விளக்கு எரியும்போதும் கேனைத் திறக்காதீர்கள், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.